கைப்பிடி இல்லாத வண்டி

பத்து வயதுவரை நான் எங்கேயும் போனதில்லை. அப்பா போவார், அவருக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்தபடி நானும் போய்ச் சேருவேன்.

பிறக்கும்போதே என் முதுகுத்தண்டில் ஒரு கோளாறு இருந்தது. கைக்குழந்தையிலேயே அறுவை செய்தார்கள். உயிர் நின்றது, கால்கள் நிற்கவில்லை. இடுப்புக்கு மேலே நான் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான். சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல். வாய் ஓயாது, கை ஓயாது. ஓடித் தீர்க்க வேண்டியதெல்லாம் தோளில் வந்து தேங்கிக் கிடப்பதுபோல எந்நேரமும் ஒரு குறுகுறுப்பு இருக்கும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் பின்னலை அவிழ்ப்பேன், பென்சிலைக் கடிப்பேன், ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குவேன். டீச்சர் வைதால் அரைமணி நேரம் சும்மா இருப்பேன்.

எனக்கு ஒரு சக்கர நாற்காலி இருந்தது. ஏதோ ஒரு முகாமில் கொடுத்தது. பெரிய ஆள் உட்காருவதற்கானது. இரண்டு பக்கமும் தலையணை சொருகி, இடுப்பில் அம்மாவின் பழைய சேலைத் துணியால் ஒரு கட்டுப் போட்டு என்னை அதில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். சக்கரத்தை நானே பிடிக்க வேண்டுமென்றால் கோழி சிறகு விரிப்பதுபோல முழங்கைகளைத் தூக்க வேண்டும். கால் வைக்கும் தட்டு எட்டாது என்று அப்பா ஒரு பலகையை வைத்துக் கட்டியிருந்தார்.

அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனிமலைப் பாதையெல்லாம் ஓட்டியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்து ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்தார். ஓட்டுவதற்கு வண்டி இல்லாத குறையை என் நாற்காலி தீர்த்து வைத்தது. வாரம் தவறாமல் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார். துருப்பிடித்த இடத்துக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடிப்பார், பட்டாளத்துப் பச்சை. எங்கள் தெருவில் அதற்கு மிலிட்டரி வண்டி என்றே பெயர். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

அவர் நல்ல டிரைவர். பள்ளத்தில் விட மாட்டார், திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பார். ஆனால் எந்த நல்ல டிரைவரும் சரக்கிடம் வழி கேட்பதில்லை. நான் வாசலில் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருப்பேன். அவள் ஒரு ரகசியத்தைப் பாதி சொல்லியிருப்பாள். திடீரென்று நாற்காலி திரும்பிவிடும். வெயில் ஏறிவிட்டது என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். மீதி ரகசியத்தை நான் வீட்டுச் சுவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தாம் வகுப்புவரை அப்பாவே என்னைப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போய், ராத்திரி முழித்த கண்ணோடு பள்ளிக்கூட மரத்தடியில் படுத்திருப்பார். மணி அடித்தால் எழுந்து வருவார். அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது ஆறாம் வகுப்பில் வந்து முட்டிக்கொண்டது. அது பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இடம் தருகிறேன், கீழ்த்தளத்திலேயே வகுப்பும் போடுகிறேன் என்றார். ஆனால் பெண் பிள்ளைகள் நடுவில் ஒரு ஆண் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது. ஒன்று அம்மா வர வேண்டும், அல்லது நான் வாசலிலிருந்து வகுப்புவரை நானாகவே போக வேண்டும்.

அம்மா தறிக்கூடத்தை விடுவது நடக்காத காரியம். அப்பா பச்சை நாற்காலியைக் கழற்றிப் போட்டு, பேரிங் மாற்றி, "இப்ப ஓட்டிப் பாரு" என்றார். சிறகை விரித்துத் தள்ளினேன். நாலு வீடு தாண்டுவதற்குள் தோள் கழன்றது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. அப்பா ஓடி வந்து பிடித்தார். பிடித்தவர் அப்படியே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டும் வந்துவிட்டார். அன்று ராத்திரி நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் இறக்கினார்.

மே மாதத்தில், அம்மாவோடு வேலை பார்த்த ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் சனி, ஞாயிறு முகாம் ஒன்று நடக்கப்போவதாகச் சொன்னாள். அளவெடுத்து நாற்காலி கொடுப்பார்களாம், ஓட்டவும் பழக்குவார்களாம். "நாற்காலிக்கு என்னட்டி அளவு? அது என்ன சட்டையா?" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவரின் லோடு ஆட்டோவில் என்னையும் மிலிட்டரி வண்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் பலகைச் சரிவும், பழைய மெத்தைகளும், விதவிதமான நாற்காலிகளும் கிடந்தன. நாங்கள் உள்ளே நுழைந்ததும் எதிர்க்கோடியிலிருந்து ஒரு அக்கா சக்கர நாற்காலியில் சீறிக்கொண்டு வந்து, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். இருபத்திரண்டு வயதிருக்கும். கூமாப்பட்டிக்காரர். தென்னை மட்டை விழுந்து முதுகு போனது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் நாற்காலி தாழ்வாக, சக்கரங்கள் கீழ்ப்பக்கம் அகன்று, ஏதோ பாயப்போகும் பிராணிபோல இருந்தது. அதில் கை வைக்கும் கட்டை கிடையாது. பின்னால் தள்ளுவதற்குக் கைப்பிடியும் கிடையாது.

"ஒம் பேரு என்ன?" என்று என்னைக் கேட்டார். அப்பா சொன்னார். "எந்த வகுப்புக்குப் போற?" அப்பா சொன்னார். "முதுகுல புண்ணு கிண்ணு வந்திருக்கா?" அதற்கும் அப்பாதான்.

அந்த அக்கா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ளைக்கு வாய் இருக்குல்லா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை.

நாடாவை வைத்து இடுப்பகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால், முதுகில் தோள்பட்டை எலும்பு தொடங்கும் உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து ஒரு தாளில் குறித்தார்கள். என் இடுப்பகலம் பன்னிரண்டு அங்குலம். மிலிட்டரி வண்டியின் இருக்கை பதினெட்டு. "அவிய அய்யா சட்டையப் போட்டுக்கிட்டு ஓடச் சொன்னா யாருதான் ஓடுவா?" என்றார் கூமாப்பட்டி அக்கா.

அப்பா அதற்குள் நாற்காலிகளைத் தானே சோதிக்க ஆரம்பித்திருந்தார். தூக்கிப் பார்த்தார், நட்டுகளைத் திருகிப் பார்த்தார், டயரைக் காலால் உதைத்தார். கடைசியில் கனமான ஒன்றின் முன்னால் நின்றார். அகலக் கை, தடித்த பெல்ட், பின்னால் கறுப்பு ரப்பர் போட்ட இரண்டு கைப்பிடிகள். "வண்டின்னா இப்பிடி இருக்கணும்" என்றார்.

எனக்கு எடுத்து வைத்திருந்தது சின்ன நீல நாற்காலி. தலையணை இல்லாமல், சேலைத் துணி இல்லாமல் நான் அதில் அப்படியே பொருந்திப் போனேன். கையைத் தொங்கவிட்ட இடத்தில் சக்கரம் இருந்தது. "மேல பிடிச்சு நீளமாத் தள்ளிவிடு, பொறவு கையை எடுத்துரு" என்றார் அக்கா. பச்சை நாற்காலிக்குப் பழகிய கை, அதே பலத்தில் தள்ளிவிட்டேன். வண்டி பறந்துவிட்டது. எதிரே அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் போய் மோதி, அவை சடசடவென்று சரிந்தன. யாரும் என்னைத் தள்ளவில்லை. அந்தச் சத்தம் முழுக்க நான் உண்டாக்கியது. இன்னொரு தடவை மோத வேண்டும் போல இருந்தது.

அப்பா பாய்ந்து வந்து என்னைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். கைப்பிடி இருக்கும் என்று நினைத்து நீட்டிய இரண்டு கையும் வெறும் காற்றைப் பிடித்தன. தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இது வேண்டாம்மா. பிடிக்க ஒண்ணுமே இல்ல. மேட்டுல உருண்டு போனா நான் எதப் பிடிப்பேன்?"

"மாட்டிக் கொடுத்திரலாம் அண்ணாச்சி. ரெண்டு போல்ட்டு, அம்புட்டுத்தான்." அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கைப்பிடி வேணுமா?"

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசிக்கவே இல்லை. "வேண்டாம்" என்றேன்.

அப்பா மண்டபத்துக்கு வெளியே போனார். திரும்பி வந்தபோது, நாளைக்கு முடிவு சொல்வதாகச் சொல்லி, என்னைத் தூக்கிப் பச்சை நாற்காலியில் வைத்துக் கட்டினார். வழி முழுக்க நான் அழுதேன். லோடு ஆட்டோ சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ஓட்டப் பழக்கினார்கள். வாசற்படியில் ஏற, முன்னாலிருக்கும் குட்டிச் சக்கரங்களை ஒரு வெட்டு வெட்டித் தூக்க வேண்டும். குறைத்துத் தூக்கினால் முட்டும், கூட்டித் தூக்கினால் மல்லாக்க விழுவோம். விழுவதற்கும் ஒரு முறை உண்டு. மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும், தலை தரையில் படக்கூடாது. மெத்தையில் முதல் தடவை விழுந்தேன். அப்பா ஓடி வந்து தூக்கினார். இரண்டாம் தடவை விழுமுன்னேயே பிடித்துவிட்டார். மூன்றாம் தடவை நான் சக்கரத்தில் கை வைத்ததுமே பின்னால் வந்து நின்றுகொண்டார். "தள்ளிப் போங்கப்பா" என்று கத்தினேன். போகவில்லை.

கூமாப்பட்டி அக்கா இதைப் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். கையைத் தட்டித் துடைத்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க செத்த நேரம் உட்காந்து பாருங்களேன்" என்றார். எந்த நாற்காலி வேண்டும் என்றும் கேட்டார். அப்பா தான் மெச்சிய பெரிய நாற்காலியையே கேட்டார்.

சமதரையில் நன்றாகவே ஓட்டினார். "பனியில லாரி ஓட்டுனவன்ம்மா" என்று சொல்லிக்கொண்டே பலகைச் சரிவுக்கு வந்தார். ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும் என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், நிமிர்ந்த நெஞ்சோடு ஒரு தள்ளுத் தள்ளினார். முன்சக்கரம் எழும்பியது. அப்பா மெத்தையில் மல்லாந்து கிடந்தார், பேண்ட் போட்ட இரண்டு காலும் ஆகாயத்தில். மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

அப்பாவும் எழுந்து சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "அடுத்தாப்புல என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டார்.

"வெளிய போயி எனக்கொரு டீ வாங்கிட்டு வாங்க. கடை இதே பக்கத்துல நாலு கட்டடம் தள்ளி. காலு மட்டும் தரையில படக்கூடாது."

அப்பா கிளம்பினார். முகாமில் உதவிக்கு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவியோடு நானும் நீல நாற்காலியில் மண்டப வாசல்வரை வந்து வேடிக்கை பார்த்தேன். இரண்டு கட்டடம் தாண்டியிருப்பார். எதிரே வந்த ஒருவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம், கையில் அர்ச்சனைப் பை, அப்பாவைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் இரக்கம் வழிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால் போய் அந்தக் கறுப்புக் கைப்பிடிகளைப் பிடித்தார். அப்பாவைத் திருப்பினார். அப்படியே ரோட்டுக்குக் குறுக்கே தள்ள ஆரம்பித்தார்.

"யோவ், விடுய்யா! நான் அங்க போகல!"

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல. கோயிலுக்குத்தானே?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அந்த நல்ல மனிதர் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். அப்பாவை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கோயிலைப் பார்க்க நிறுத்திவிட்டு, தோளில் இரண்டு தட்டுத் தட்டி, தன் வழியே போனார். அப்பா கழுத்தைத் திருப்பி அவரைத் தேடினார். அப்பாவின் அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயமா, கோபமா, தெரியவில்லை. எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு.

எழுந்து நடந்து வந்திருக்கலாம். இரண்டு காலும் நன்றாக இருந்த மனிதர். ஆனால் வரவில்லை. ரோட்டோரத்து மண்ணில் புதைந்த சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தார். வண்டிகளுக்கு இடையில் நேரம் பார்த்து, தானே ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். அதற்குள் நாங்களும் அங்கே போய்விட்டோம். கடைக்காரர் அப்பாவின் தலைக்கு மேலாக அந்த மாணவியிடம் கேட்டார்: "அவியளுக்குச் சீனி போடலாமா?"

"எனக்குக் காது கேக்கும்" என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

பார்சல் டீயை மடியில் வைத்து ஓட்டி வந்ததில் பாதி கொட்டி, பேண்ட் நனைந்திருந்தது. மண்டபத்துக்குள் வந்து எழுந்து நின்றவர், மீதி டீயை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். நான் விழுந்தேன், வரவில்லை. மறுபடி விழுந்தேன், தலையைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது, நீல நாற்காலிக்கு நேரே கையெழுத்துப் போட்டார். "கைப்பிடி மாட்டவா அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். "அதைப் பிள்ளட்ட கேளுங்க" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அப்பா விழுந்தது, கோயிலுக்குக் கடத்தப்பட்டது, சீனி கேட்டது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே போய்விட்டார்.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. தெருவில் பழகினேன். சாக்கடை மூடியின் இடுக்கில் குட்டிச் சக்கரம் மாட்டிக் குப்புற விழுந்தேன். முழங்கை இரண்டும் தோலுரிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வெடித்து, அம்மா தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். காலையில் கண் திறந்ததும் வாசலுக்குப் போக வேண்டும், சாப்பிடும்போதே போக வேண்டும். நாள் முழுக்க அதே துடிப்பு. அப்பா தூக்கத்தை விட்டுவிட்டு வாசலில் நிற்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, பட்டாளத்தில் நிற்பதுபோல. விழுந்தால் ஒரு அடி முன்னே வைப்பார். அப்புறம் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அத்தை, "பிள்ள விழுந்து கிடக்கு, பாத்துக்கிட்டு நிக்கீகளே" என்று சண்டைக்கே வந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியை கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். மைதானத்து மண்ணில் சக்கரம் புதைந்தது. முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போனேன். வகுப்புக்கு முன்னால் சிமெண்ட் சரிவு. பாதியில் கை வழுக்கிப் பின்னால் உருண்டேன். நாலு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். நெஞ்சைத் தொடையோடு ஒட்டுவதுபோல முன்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து ஏறினேன். வாசலில் ஒரு வெட்டு. உள்ளே போய்விட்டேன். தலைமையாசிரியை, "முதல் பெஞ்சு ஓரத்துல போட்டுக்கோம்மா" என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே அப்பா இல்லை. போய்விட்டிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வரக் குழாயடிக்குப் போயிருந்தார் என்று காவலாளி பின்னால் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தார். எங்கள் தெருவுக்குத் திரும்புமுன் ஒரு மேடு உண்டு. பெரிய மேடில்லை. ஆனால் அன்று என் கை இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தன. பாதி மேட்டில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்பாவும் நின்றார். கை நாற்காலியின் முதுகுச் சட்டம்வரை போய்த் திரும்பியது. பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்:

"தள்ளட்டுமா?"

பத்து வருஷத்தில் அப்பா என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்பாரே, அதே குரல். தன் பிள்ளையிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? மண்டபத்தில் நான் சிரித்தது, கைப்பிடி வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு என்னை அந்நியமாக்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

"வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லி, பல்லைக் கடித்துத் தள்ளினேன். அப்பா சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு என் வேகத்துக்கே நடந்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு எம்மேல பிரியமே இல்ல" என்று அழுதேன். என்ன செய்தார் என்று அம்மா கேட்டார். "தள்ளட்டுமான்னு கேட்டாங்க" என்றேன். அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா காவல்காரச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் விடவில்லை. தினமும் அதே மேட்டில் நின்று, குனிந்து, அதே ஒரு வார்த்தையைக் கேட்டார். நானும் தினமும் அழுகையை விழுங்கிக்கொண்டு வேண்டாம் என்றேன்.